பீங்கான் பேட்டரி: கேட்க வேண்டிய எண்கள் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திட நிலை லித்தியம் பேட்டரி பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. பெரும்பாலும் ஒரே வார்ப்பு: புதிய பீங்கான் மின்பகுளி (மின்முனைகளுக்கு நடுவே அயனியைக் கடத்தும் பொருள்) தயார், அதன் கடத்துத்திறன் பழையதைவிட இத்தனை மடங்கு, இனிப் பத்து நிமிடத்தில் சார்ஜ், தீப்பிடிக்கும் பயமே இல்லை. இதைப் படித்துவிட்டு ஆய்வு மாணவர்கள் பலரும் அந்தக் கடத்துத்திறன் எண்ணையே துரத்துகிறார்கள். கார்னெட் என்ற கல்லின் படிக அமைப்பைக் கொண்ட பீங்கானைப் பொறுத்தவரை அந்த எண் போதுமான இடத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது சிக்கல் இருப்பது உலையில் பறந்துபோகும் லித்தியத்தில், காற்றின் ஈரத்தில், மேற்பரப்பில், வில்லையின் (தூளை அழுத்திச் சுட்ட சிறு வட்டத் தகட்டின்) தடிமனில். இவற்றைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல உங்கள் இதழில் இடம் கேட்கிறோம்.

இன்றைய லித்தியம் அயனி பேட்டரியில் ஆனோடுக்கும் (எதிர்முனை) கேத்தோடுக்கும் (நேர்முனை) நடுவே தீப்பற்றக்கூடிய கரிமத் திரவமும், அதில் ஊறிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வும் இருக்கின்றன. அந்த இடத்தில் லித்தியம் அயனியை மட்டும் கடத்தும் பீங்கான் தகடு ஒன்றை வைக்க முடிந்தால், கிராஃபைட் ஆனோடை எடுத்துவிட்டு லித்தியம் உலோகத்தையே வைக்கலாம். அதே எடையில் ஆற்றல் கூடும். இதற்கு இன்று முன்னணியில் நிற்கும் ஆக்சைடு, லித்தியம் லாந்தனம் சிர்கோனியம் ஆக்சைடு. சுருக்கமாக எல்.எல்.இசட்.ஓ. அணுக்கணக்கில் லித்தியம் 7, லாந்தனம் 3, சிர்கோனியம் 2, ஆக்சிஜன் 12.

இதில் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கார்னெட் படிக அமைப்பில் லித்தியம் அயனி ஓடும் என்று 2003இல் காட்டியது ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் ஆகியோர் இருந்த குழு. அப்போது கிடைத்த கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமென்ஸ் அளவுதான். 2007இல் ராமசாமி முருகன், தங்கதுரை, வெப்னர் மூவரும் எல்.எல்.இசட்.ஓ.வை வெளியிட்டபோது 25 டிகிரியில் 0.3 மில்லிசீமென்ஸ் வந்தது. நான்கே ஆண்டில் நூறு மடங்குக்கு மேல். முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்தவர்.

அந்தக் கண்டுபிடிப்பில் மூசைக்கும் (உலையில் பொருளை வைத்துச் சுடும் கிண்ணம்) ஒரு பங்கு இருந்தது. தூளை 1230 டிகிரியில் அலுமினா மூசையில் வைத்துச் சுட்டார்கள். மூசையின் அலுமினியம் கொஞ்சம் தூளுக்குள் இறங்கியது. அந்தச் சிறு கலப்புதான் கனசதுரப் படிகத்தை அறை வெப்பநிலையிலும் நிலைக்க வைத்தது என்பது சில ஆண்டுகள் கழித்தே தெளிவானது. கலப்பே இல்லாத தூய பொருள் ஆறும்போது நாற்கோணப் படிகமாக மாறிவிடும். அதில் லித்தியம் தன் இடங்களில் வரிசையாக அமர்ந்துவிடுகிறது. நகர காலியிடம் இல்லை. கடத்துத்திறன் மீண்டும் மைக்ரோசீமென்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஓர் அலுமினிய அயனி மூன்று லித்தியத்துக்கு ஈடு. அதை உள்ளே விட்டால் இரண்டு காலியிடம் பிறக்கிறது. சிர்கோனியத்தின் இடத்தில் டாண்டலம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு லித்தியம் குறைந்து ஒரு காலியிடம் வரும். அலுமினியம் கலந்தால் 0.3 முதல் 0.5 மில்லிசீமென்ஸ், டாண்டலம் கலந்தால் 1 மில்லிசீமென்ஸை ஒட்டி, காலியம் கலந்தால் அதற்கும் மேல். ஆனால் காலியம் கலந்த வில்லையை லித்தியம் உலோகம் அரித்துவிடுகிறது. நயோபியத்துக்கும் அந்தக் குறை உண்டு. அட்டவணையில் எண்ணைப் பார்த்து மட்டும் கலப்புப் பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனித் தயாரிப்பு. ஆய்வகங்களில் அதிகம் செய்யப்படுவது லித்தியம் 6.4, லாந்தனம் 3, சிர்கோனியம் 1.4, டாண்டலம் 0.6, ஆக்சிஜன் 12 என்ற கலவை. பத்தில் ஒரு மோலுக்கு லாந்தனம் ஆக்சைடு 48.87 கிராம், சிர்கோனியம் ஆக்சைடு 17.25 கிராம், டாண்டலம் ஆக்சைடு 13.26 கிராம். லித்தியம் ஹைட்ராக்சைடு மோனோஹைட்ரேட் கணக்குப்படி 26.85 கிராம், உலையில் போவதற்கு 10 சதவீதம் கூட்டினால் 29.54 கிராம். சுட்டு முடித்தால் 89 கிராமை ஒட்டிப் பொருள் கிடைக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் தராசிலேயே தொடங்கிவிடுகிறது. லாந்தனம் ஆக்சைடு ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொண்டே இருக்கும். திறந்து வைத்த டப்பா நம் ஊர்க் காற்றில் மெல்ல லாந்தனம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது. முழுதும் மாறினால் எடை 16.6 சதவீதம் ஏறும். அப்போது 48.87 கிராம் நிறுத்தாலும் உள்ளே இருக்கும் ஆக்சைடு 41.9 கிராம்தான். லாந்தனம் குறைந்த கலவையில் சிர்கோனியம் மிஞ்சி, லித்தியம் சிர்கோனேட் என்ற வேண்டாத கட்டம் உருவாகும். மாணவரோ உலையைக் குறை சொல்வார். நிறுக்கும் முன் 900 டிகிரியில் பல மணி நேரம், வசதியிருந்தால் ஓர் இரவு முழுக்க, சுட வைத்து, 200 டிகிரிக்கு இறங்கியதும் எடுத்து டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட்டு, உடனே நிறுக்க வேண்டும். மறுநாள் மிச்சத்தை நிறுப்பதாக இருந்தால் மறுபடியும் சுட வேண்டும்.

அரைப்பது ஐசோபுரொப்பனாலில், சிர்கோனியா குண்டு போட்ட பால் மில்லில், 8 முதல் 12 மணி நேரம். தண்ணீரில் அரைத்தால் லித்தியம் கரைந்து பிரியும். அரைத்த குழம்பை அப்படியே தட்டில் ஊற்றி உலர வைப்பது பரவலாக நடக்கும் பிழை. டாண்டலம் ஆக்சைடு மற்றவற்றைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். மேல்தட்டுத் தூளும் அடித்தட்டுத் தூளும் இரண்டு வெவ்வேறு கலவைகளாகிவிடும். கிளறிக்கொண்டே உலர்த்த வேண்டும், அல்லது ரோட்டரி எவாபரேட்டரில் (சுழலும் குடுவையில் திரவத்தை ஆவியாக்கும் கருவி) இழுக்க வேண்டும்.

முதல் சுடுதல் 900 டிகிரி, 10 முதல் 12 மணி நேரம், மூடிய மூசையில். லித்தியம் ஹைட்ராக்சைடு 460 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகிவிடுவதால் சூட்டை நிமிடத்துக்கு 2, 3 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது. அவசரப்பட்டால் கலவை நுரைத்து மூசைச் சுவரில் ஏறி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு மீண்டும் அரைத்து, சலித்து, வில்லையாக அழுத்த வேண்டும். 12 மி.மீ. டையில் (அழுத்தும் அச்சில்) 100 மெகாபாஸ்கல் என்பது 1.15 டன் சுமை. பிரஸ்ஸின் முள் 5 டன் காட்டும் வரை அழுத்தினால் வில்லை இறுகும் என்று நினைப்பது சரியல்ல. சிக்கிய காற்று, சுமையை எடுத்ததும் விரிந்து, வில்லை குறுக்கே தொப்பி கழன்றதுபோல் பிளக்கும். மேலும் அடர்த்தி வேண்டுமென்றால் ரப்பர் பையில் போட்டு எண்ணெய் அழுத்தத்தில் 200 முதல் 300 மெகாபாஸ்கலில் நாலாபுறமும் ஒரே சீராக அழுத்துவதே வழி.

முக்கியமான கட்டம் சின்டரிங், அதாவது தூள் வில்லையை உருகவிடாமல் சுட்டு இறுகச் செய்வது. டாண்டலம் கலவைக்கு 1150 முதல் 1200 டிகிரி. இந்தச் சூட்டில் லித்தியம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். குறைந்த இடத்தில் லாந்தனம் சிர்கோனேட் உருவாகும். அது லித்தியத்தைக் கடத்தாது. எக்ஸ்ரே வரைபடத்தில் தாமிரக் கதிருக்கு 28.6 டிகிரியை ஒட்டி ஒரு சிறு முகடு தெரிந்தால் அதுதான். வில்லையின் மேல்தோலில் மட்டும் இது இருக்கும் என்பதால், தூளாக்கி எடுத்த வரைபடத்தில் தப்பிவிடும். வில்லையின் முகத்தை அப்படியே வைத்தும் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

உலையில் எவ்வளவு லித்தியம் போனது என்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தராசு போதும். இந்தக் கலவையில் லித்தியம் ஆக்சைடு எடையில் பத்தே முக்கால் சதவீதம்தான். கூடுதலாகப் போட்ட 10 சதவீத லித்தியத்தின் பங்கு, வில்லை எடையில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது 1 கிராம் வில்லையில் 11 மில்லிகிராம் குறைந்தாலே கூடுதல் லித்தியம் முழுவதும் போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் குறைவதெல்லாம் படிகத்துக்குள்ளிருந்து போவது. ஈரமும் கார்பனேட்டும் இந்தக் கணக்கைக் குழப்பும் என்பதால், அழுத்துவதற்கு முன் தூளை 700 டிகிரியில் ஒரு முறை உலர்த்திக்கொள்ள வேண்டும். சுடுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வில்லையையும் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் ஏனோ நம் ஆய்வகங்களில் அரிது.

இழப்பைத் தடுக்க வில்லையை அதே கலவைத் தூளுக்குள் புதைத்து, மேலே ஒரு மூசையைக் கவிழ்த்துச் சுடுவது வழக்கம். அந்தப் புதை தூளில் 10 முதல் 15 சதவீதம் கூடுதல் லித்தியம் இருக்க வேண்டும். இரண்டு மூன்று சுடுதலுக்குப் பிறகு அதே தூள் லித்தியம் வற்றிப்போய், கொடுப்பதற்குப் பதில் வில்லையிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். மூசை மெக்னீசியாவாக இருப்பது நல்லது. அலுமினா மூசை லித்தியம் ஆவியைக் குடித்து லித்தியம் அலுமினேட்டாக மாறி விரிசல் விடும். கூடவே கணக்கில் வராத அலுமினியம் வில்லைக்குள் நுழையும். டாண்டலம் கலவை என்று கட்டுரை எழுதிவிட்டு, உண்மையில் டாண்டலமும் அலுமினியமும் கலந்த வில்லையை அளந்தவர்கள் குறைவில்லை.

பயந்துபோய் லித்தியத்தை 20, 25 சதவீதம் கூட்டிப் போட்டாலும் கெடும். மிஞ்சிய லித்தியம் மணிகளுக்கு (பீங்கானை ஆக்கும் சிறு படிகங்களுக்கு) நடுவே திரவமாக ஓடி, சில மணிகளை மட்டும் நூற்றுக்கணக்கான மைக்ரானுக்கு வளர்த்துவிடும். ஆறிய பிறகு அந்த எல்லைகளில் தங்கும் படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். உலையிலிருந்து எடுத்த அன்று பளபளப்பாக இருந்த வில்லை, சில நாளில் விரல் பட்டாலே மாவாக உதிரும். ஹாட் பிரஸ் வசதி உள்ளவர்கள் 1000 முதல் 1100 டிகிரியில் அழுத்தத்தோடு ஒரு மணி நேரம் வைத்தால் 97 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி வரும். லித்தியமும் அதிகம் போகாது. கிராஃபைட் டை என்பதால் மேலே ஒட்டும் கரியைத் தேய்த்தெடுக்க வேண்டும்.

அடர்த்தி அளக்கும்போது ஆர்க்கிமிடீஸ் முறையில் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீரில் லித்தியம் வெளியேறி ஹைட்ரஜன் உள்ளே போகும். எத்தனால் போதும். முழு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.4 கிராம் அளவு. 5.1க்குக் கீழே வரும் வில்லையைக் கடத்துத்திறன் அளக்கவே கொண்டுபோக வேண்டாம்.

கடத்துத்திறனை அறிவிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. தடிமன் உள்ள வில்லைக்கு இருபுறமும் தங்கம் பூசி இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்தில் தெரியும் தடை) எடுத்தால் 127 ஓம் வரும்போது கடத்துத்திறன் 1 மில்லிசீமென்ஸ். இந்த 127 ஓமில் மணியின் உட்பகுதியும் மணி எல்லையும் சேர்ந்திருக்க வேண்டும். உட்பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தலைப்பில் போடுவது வாசகரை ஏமாற்றுவது. அடுத்தது வெப்பநிலை. ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுகிறார்கள். மே மாதச் சென்னையில் ஏசி ஓடாத அறை 35 டிகிரி இருக்கும். இந்தப் பொருளின் செயலூக்க ஆற்றல் (அயனி ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவத் தேவையான ஆற்றல்) 0.3 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது என்பதால், 25 டிகிரியைவிட 35 டிகிரியில் கடத்துத்திறன் 40 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 0.7 என்ற வில்லை ஏசி பழுதான நாளில் 1 ஆகிவிடும். வேறு கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை!

இனி மேற்பரப்பு. எங்கள் கணிப்பில் இன்று அதிக உழைப்பு தேவைப்படும் இடம் இதுதான். எல்.எல்.இசட்.ஓ. ஈரக் காற்றைச் சந்தித்ததும் நீரிலுள்ள ஹைட்ரஜன் படிகத்துக்குள் போய், லித்தியம் வெளியே வந்து ஹைட்ராக்சைடாகிறது. அது கரியமில வாயுவோடு சேர்ந்து லித்தியம் கார்பனேட் தோலாக மாறுகிறது. உருகிய லித்தியத்தை அந்தத் தோல்மேல் விட்டால் பரவாமல் குண்டு குண்டாக உருளும். தொடர்பு இல்லாத இடங்களில் மின்னோட்டம் போகாது. தொடர்புள்ள சில புள்ளிகளில் எல்லாம் குவியும். கார்பனேட் படிந்த வில்லையில் லித்தியத்துக்கும் பீங்கானுக்கும் நடுவிலான தடை சதுர சென்டிமீட்டர் கணக்கில் நூற்றுக்கணக்கான ஓம், சில நேரம் ஆயிரத்தைத் தாண்டும். 2017இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு அணு அடுக்குப் படிவு முறையில் மிக மெல்லிய அலுமினாவைப் பூசி, 1710 ஓமிலிருந்து 1 ஓமுக்கு இறக்கிக் காட்டியது. அதே ஆண்டில் மிச்சிகன் குழு பூச்சே இல்லாமல், ஈரப் பாலிஷும் 500 டிகிரிச் சூடும் மட்டும் கொண்டு 2 ஓமுக்குக் கொண்டுவந்தது. பூச்சுக் கருவி வாங்க வசதியில்லாத கல்லூரிகள் இரண்டாவது வழியைப் பார்க்க வேண்டும்.

செய்முறை எளிதுதான், கவனம் வேண்டும். 400, 800, 1200, 2000 எனச் சிலிக்கன் கார்பைடு தாளில் படிப்படியாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய கீறல் மறையும் வரை, திசையை மாற்றி மாற்றி. கடைசிப் படியை ஆர்கான் நிரப்பி, கையுறை வழியே வேலை செய்யும் மூடிய பெட்டிக்குள் (கிளவ் பாக்ஸ்) வைத்துக்கொள்வது உத்தமம். வெளியே தேய்ப்பதாக இருந்தால் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் அடிப்படையிலான பாலிஷ் திரவம். பிறகு ஆர்கானிலேயே 500 டிகிரியில் சில மணி நேரம். அங்கிருந்து காற்றில் ஒரு நிமிடம்கூட வெளியே எடுக்காமல் லித்தியத் தகட்டை வைத்து அழுத்த வேண்டும். உலை ஒரு கட்டடத்தில், கிளவ் பாக்ஸ் இன்னொரு கட்டடத்தில் என்றிருக்கும் வளாகங்களில் இது நடக்காது. நவம்பர் மழையில் வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு வளாகத்தைக் கடந்தால், பாலிஷ் செய்த உழைப்பு வழியிலேயே கரைந்துவிடும்.

மேற்பரப்பு சரியானால் அடுத்த எதிரி லித்தியம் இழை, அதாவது டெண்ட்ரைட். 2005இல் மன்ரோ, நியூமன் இருவரும் போட்ட கணக்குப்படி, லித்தியத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பு உள்ள பொருளை லித்தியம் துளைக்கக்கூடாது. பீங்கானின் விறைப்பு லித்தியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஆனாலும் துளைக்கிறது. கணக்கு குறையில்லாத சமதளத்தை வைத்துப் போடப்பட்டது. நிஜ வில்லையில் கீறலும் துளையும் மணி எல்லையும் உண்டு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் கீறலுக்குள் படிந்து ஆப்பு அடித்ததுபோல் பிளவைத் திறக்கிறது. மறுபுறம் இறங்கும்போது லித்தியம் பீங்கானிலிருந்து விலகி வெற்றிடம் விடுகிறது. தொடர்புப் பரப்பு சுருங்கச் சுருங்க மீதி இடத்தில் மின்னோட்டச் செறிவு எகிறுகிறது. அதனால்தான் சில மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இறுக்கி வைத்துச் சோதிக்கிறார்கள். காரில் அந்த இறுக்கத்தைக் கொடுக்க எஃகுச் சட்டம் வேண்டும். அதன் எடையும் சேரும்.

எவ்வளவு லித்தியம் நகர்கிறது என்று பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஆம்பியர்-மணி என்றால் 4.85 மைக்ரான் லித்தியம். நல்ல கேத்தோடு 3 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும். ஒவ்வொரு சார்ஜிலும் 15 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான அடுக்கு ஒன்று எழுந்து மறைய வேண்டும். அதைக் கால்மணி நேரத்தில் ஏற்ற 12 மில்லிஆம்பியர் தேவை. சாதாரணமாகச் சுட்டு எடுத்த வில்லைகள் 25 டிகிரியில் 1 மில்லிஆம்பியரை எட்டும் முன்பே பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடுகின்றன. இந்த இடைவெளியைக் கடத்துத்திறனை இரட்டிப்பாக்கி நிரப்ப முடியாது.

ஷார்ட் ஆனதையே முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. இருபுறமும் லித்தியம் வைத்த கலத்தில் வில்லைத் தடை 100, இருபுற இடைமுகத் தடை 10, ஆக 110 ஓம் சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். 0.1 மில்லிஆம்பியரில் 11 மில்லிவோல்ட் வர வேண்டும். அது மெல்ல 2 மில்லிவோல்ட்டுக்கு இறங்கி ஆயிரம் மணி நேரம் நேர்க்கோடாக ஓடினால், உள்ளே மெல்லிய இழை ஒன்று இணைந்துவிட்டது. எலக்ட்ரான் அதன் வழியே போகிறது. பீங்கான் வேலையே செய்யவில்லை. சோதனைக்கு நடுநடுவே இம்பிடன்ஸ் வரைபடம் எடுத்தால் பீங்கானின் தடையைக் காட்டும் அரைவட்டம் காணாமல் போனது உடனே தெரியும். அந்த வரைபடம் இல்லாத ‘ஆயிரம் மணி நேரம்’ எதையும் நம்ப வேண்டியதில்லை.

தடிமன் விஷயத்தில் பலரும் கணக்கே போடுவதில்லை. 1 மி.மீ. வில்லையின் எடை சதுர சென்டிமீட்டருக்கு 540 மில்லிகிராம். அதன்மேல் உட்காரும் 3 மில்லிஆம்பியர்-மணி நிக்கல் கேத்தோடுப் பொருள் 16 மில்லிகிராம் அளவுதான். 3.8 வோல்ட்டில் கிடைப்பது 11.4 மில்லிவாட்-மணி. மொத்தத்தையும் நிறுத்தால் கிலோவுக்கு 20 வாட்-மணி. இன்வெர்ட்டரில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியே 30, 40 தருகிறது. பீங்கான் 25 மைக்ரானுக்கு இறங்கினால் 13.5 மில்லிகிராம், அப்போதுதான் கணக்குக் கட்டுப்படியாகும். தடையும் 100 ஓமிலிருந்து 2.5க்கு இறங்கும்.

25 மைக்ரான் தகட்டை வில்லைபோல் அழுத்தி எடுக்க முடியாது. டேப் காஸ்டிங் வேண்டும்: தூளை டொலுவீன்-எத்தனால் கலவையில் கலக்கி, பாலிவினைல் பியூட்டிரால் பசையும் மென்மையாக்கியும் சேர்த்து, கத்தி முனைக்கு அடியில் படலமாக இழுத்து உலர்த்துவது. வேகமாக உலர்ந்தால் அப்பளம்போல் ஓரம் சுருளும். பசையை எரிக்கும்போது 600 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரி மேல் போகக்கூடாது. எரியும் பசையின் கரியமில வாயுவே லித்தியத்தைக் கார்பனேட்டாக்கும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும். சின்டரிங்கில் சிக்கல் முற்றுகிறது. தகடு மெலிந்த அளவுக்கு, எடையோடு ஒப்பிட்ட பரப்பு கூடுகிறது. வில்லை பல மணி நேரத்தில் இழக்கும் லித்தியத்தைத் தகடு சில நிமிடங்களில் இழந்துவிடும். அடியில் வைக்கும் தட்டோடு ஒட்டிக்கொண்டு ஆறும்போது உடையும். 2020இல் மேரிலாந்து குழு இரு கார்பன் பட்டைகளுக்கு நடுவே வைத்து, 1500 டிகிரியை ஒட்டி, பத்து நொடி அளவில் சுட்டு முடிக்கும் முறையை வெளியிட்டது. லித்தியம் போக நேரமே கிடைப்பதில்லை. மாணவர் ஆராய்ச்சிக்கு இது நல்ல களம். தேவையான கருவி மின்சப்ளையும் கார்பன் ஃபெல்ட்டும் ஆர்கான் பெட்டியும்தான்.

மற்றப் பீங்கான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். லித்தியம் அலுமினியம் டைட்டானியம் பாஸ்பேட் காற்றில் நிலைக்கும், மலிவு. ஆனால் லித்தியம் உலோகம் பட்டால் டைட்டானியம் எலக்ட்ரானை ஏற்று ஒடுக்கமடைந்து கறுத்துவிடும். சல்ஃபைடு வகை கார்னெட்டைவிட நன்றாகக் கடத்தும், சுடாமலே அழுத்தி ஒட்ட வைக்கலாம். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும் என்பதால் ஈரமில்லா அறை இல்லாமல் தொடக்கூடாது.

கேத்தோடு பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. கேத்தோடுத் துகளும் பீங்கானும் சேர்த்துச் சுட்டால் 700 டிகிரியைத் தாண்டும்போது ஒன்றின் தனிமங்கள் மற்றொன்றுக்குள் கலந்து தடை எகிறுகிறது. சுடாமல் விட்டால் துகளுக்குத் துகள் தொடர்பில்லை. ஆகவே பலரும் அந்தப் பக்கம் கொஞ்சம் திரவத்தையோ ஜெல்லையோ விடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் ‘முற்றிலும் திடம்’, ‘தீயே பிடிக்காது’ என்று செய்தி போகும்போது அந்தத் திரவம் மறைந்துவிடுகிறது. பீங்கான் எரியாதுதான், பின்னால் இருக்கும் லித்தியம் உலோகம் 180 டிகிரியில் உருகி, காற்றும் நீரும் கிடைத்தால் எரியும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு மூலப்பொருளில் இருக்கிறது. ‘லித்தியம் பேட்டரி’க்கான இந்தப் பொருளில் லித்தியம் எடையில் 5 சதவீதம், லாந்தனம் 47 சதவீதம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரிக்கும் மணலில் லாந்தனம் அடங்கிய மோனசைட்டும், சிர்கோனியம் தரும் சிர்கானும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்கோனியம் வளாகம் இருக்கிறது. (மணவாளக்குறிச்சி மணலில் கார்னெட்டும் கிடைக்கிறது, உப்புத்தாள் செய்ய உதவும் அந்தக் கல்லுக்கும் எங்கள் பீங்கானுக்கும் படிக அமைப்பில் மட்டுமே உறவு.) மணல் எடுப்பதால் கடலோர மக்கள் எழுப்பும் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதைச் சொல்லவில்லை, இருக்கும் உற்பத்தியிலிருந்து ஆய்வுக்கு வேண்டிய சில கிலோவை எடுப்பது பெரிய காரியமல்ல. எடையில் 12 சதவீதம் டாண்டலம் சேரும் கலவை விலையில் இடிக்கும் என்பதால், அலுமினியம் கலந்த கலவையை 0.5 மில்லிசீமென்ஸில் வைத்துக்கொண்டு மெல்லிய தகடாக்குவதே இங்கே பொருத்தமான இலக்கு. 25 மைக்ரானில் அதன் தடை 5 ஓம்தான், போதும்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வியும் இருக்கின்றன. வில்லை செய்யத் தெரிந்தவர்களும் உலை பார்க்கத் தெரிந்தவர்களும் வெவ்வேறு ஊரில் இருக்கிறார்கள். டேப் காஸ்டிங் இயந்திரம், பசை எரிக்கும் உலை, சின்டரிங் உலை, பாலிஷ் மேசை, கலம் அடைக்கும் இடம் ஐந்தும் பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி உள்ள ஒரே உலர் அறையில், எந்தக் கல்லூரியும் முன்பதிவு செய்து பயன்படுத்தும்படி ஒன்று மாநிலத்தில் அமைந்தால், துறைக்கு ஓர் உலை என்று பிரித்து வாங்குவதைவிடப் பலன் கிடைக்கும்.

உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திட நிலை பேட்டரி அறிவிப்பு வரும்போது பீங்கானின் தடிமன் எத்தனை மைக்ரான், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிஆம்பியரில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு அழுத்தத்தில் சோதித்தார்கள், ஒரு சார்ஜுக்கு எத்தனை மில்லிஆம்பியர்-மணி நகர்ந்தது, உள்ளே எங்காவது திரவம் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் ‘தெரிவிக்கப்படவில்லை’ என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பீங்கான் மின்பகுளி ஆய்வில் உள்ள ஆசிரியர்களும் மாணவர்களும்,
சென்னை